எண்ணாமல் எழுதிய இருபது

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
8 ஜனவரி 2024

திருமதி புஷ்பவல்லி பக்கிரிசாமி அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. சென்ற செப்டெம்பரில் கிள்ளானில் உங்கள் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், கால் விரல் புண்ணோடு படுத்திருந்த குணேஸ்வரியின் கணவன் நான். பெயர் சிவநேசன். அவளைச் சேர்த்த ஆறாம் நாள் அவள் இறந்துபோனாள். புண்ணிலிருந்த கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது, அதற்குப் பெயர் செப்சிஸ் என்று பிறகு சொன்னார்கள்.

உங்கள் நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பதில். வருந்துகிறார்களாம். எல்லாம் முறைப்படி நடந்ததாம். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன். குணேஸ்வரியின் சிகிச்சைத் தாள்களின் பிரதியை விண்ணப்பித்து வாங்கினேன். அதில்தான் உங்கள் பெயர் கிடைத்தது.

நான் முப்பத்தொரு வருடம் வானிலை இலாகாவில் இருந்தவன். மணிக்கு மணி வெளியே போய் வெப்பம், ஈரம், காற்று, மழை எல்லாம் பார்த்து எழுதுவதுதான் வேலை. எழுதிய எண் பார்த்து எழுதியதா, கதிரையில் இருந்தபடியே எழுதியதா என்று எனக்குப் பார்த்தவுடன் தெரியும். குணேஸ்வரியின் தாளில் உடல் வெப்பம் மாறுகிறது. நாடி மாறுகிறது. இரத்த அழுத்தம் மாறுகிறது. மூச்சு மட்டும் மாறவேயில்லை. நான்கு மணி நேரத்துக்கொரு தடவை, இரண்டு நாள், மூன்று பேர் கையெழுத்து. பன்னிரண்டு தடவையும் நிமிடத்துக்கு இருபது.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் அவள் என்னைத் தன் செத்துப்போன தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கினாள். "இஞ்சை பாருங்கோ, எனக்கு என்னவோ செய்யுது" என்றாள். நான் உங்களிடம் வந்து சொன்னேன். "காய்ச்சல் இல்ல அங்கிள். மருந்து மயக்கம்தான் லா. தூங்கட்டும், விடுங்க" என்றீர்கள். அன்று ஆறு மணிக்கு நேராக உங்கள் கையெழுத்தில் இருபது என்று இருக்கிறது.

என் கேள்வி ஒன்றுதான். எண்ணினீர்களா?

இப்படிக்கு,
சி. சிவநேசன்


கிள்ளான்
25 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் வார்டுக்கு வந்து சேர்ந்தது. ஆன்டியின் மறைவுக்கு என் அனுதாபங்கள். நோயாளிகளின் சிகிச்சை பற்றி நாங்கள் தனிப்பட்ட முறையில் யாருக்கும் பதில் எழுதக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. எங்களால் முடிந்ததை எல்லோரும் செய்தோம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் மனம் அமைதியடைய வேண்டிக்கொள்கிறேன்.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
31 ஜனவரி 2024

திருமதி புஷ்பவல்லி,

நிர்வாகம் எழுதியதையே நீங்கள் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். நான் அனுதாபம் கேட்கவில்லை. எண்ணினீர்களா, இல்லையா? ஒரு சொல்லில் எழுதினால் போதும்.

சிவநேசன்


கிள்ளான்
17 மார்ச் 2024

ஐயா,

இல்லை.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஃபோனில் அனுப்பலாம் என்று பார்த்தால், நிர்வாகத்துக்கு நீங்கள் கொடுத்திருந்தது வீட்டு நம்பர் மட்டும். ஒரு வகையில் நல்லதுதான். பேப்பரில் எழுதினால் அழித்துவிட்டு வேறு மாதிரி சொல்ல முடியாது.

நாங்கள் யாருமே எண்ணுவதில்லை, ஐயா. படிக்கிற காலத்தில் எண்ணினோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வேலைக்கு வந்த முதல் வருடம் எண்ணினேன். வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் மெஷின் இருக்கிறது, அது எண்ணைக் காட்டும். மூச்சுக்கு நம் கண்தான். பதினாலு நோயாளிக்குப் பதினாலு நிமிடம் யார் கொடுப்பது? நோயாளியைப் பார்த்தால் சாதாரணமாக இருக்கிறார், இருபது. எனக்கு முன்னால் எழுதினவரும் இருபது. கை தானாக எழுதிவிடும்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கும் ஒரு சாக்கு இருந்திருக்கும். முடியவில்லை.

நாங்கள் வருடா வருடம் நர்ஸ் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வகுப்புகளுக்குப் போய் பாயிண்ட் சேர்க்க வேண்டும். ஆன்டி வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரி மண்டபத்திலேயே ஒரு வகுப்பு நடந்தது. வாசலில் கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்து தெங்கு கிளானா கடைத்தெருவுக்குப் போனேன். அக்கா மகள் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்குவதற்கு. எனக்கு அந்த வகுப்புக்கான பாயிண்ட் கிடைத்தது.

உங்கள் இரண்டாவது கடிதம் வந்த பிறகு, அன்று கொடுத்த தாள்களை லாக்கரில் தேடி எடுத்தேன். நாலாவது பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: வயதானவர்களுக்கு, முக்கியமாகச் சீனிவியாதியும் புண்ணும் உள்ளவர்களுக்கு, கிருமி இரத்தத்தில் பரவும்போது காய்ச்சல் வராமலே இருக்கலாம். வேகமான மூச்சும் திடீர்க் குழப்பமும் முதலில் வரலாம். குடும்பத்தார் வந்து ஆள் வழக்கம்போல் இல்லை என்று சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஆன்டியை முன்னமே பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருந்தது. நீங்களும் அதில் இருந்தீர்கள், ஐயா. நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் காட்டினாலும் நான் மறுக்கமாட்டேன்.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
9 ஏப்ரல் 2024

திருமதி புஷ்பவல்லி,

உங்கள் கடிதம் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. குணேஸ்வரி இருந்த பக்கத்தில் வைத்திருக்கிறேன். அங்கே வைக்க வேறு ஒன்றும் இல்லை.

'உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்குமே' என்று நான் எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால், வரவில்லை. இடி இடிக்கும்போதும் வெளியே போய்ப் பார்த்துத்தான் எழுதினேன். ஒரு நாளும் இருந்த இடத்தில் இருந்து எழுதவில்லை. ஆகவே உங்களை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகள் ஜெயமாலா மெல்பனில் இருக்கிறாள். வக்கீலைப் பிடியுங்கள் என்கிறாள். உங்கள் கடிதத்தைப் பற்றி அவளிடம் நான் இன்னும் கதைக்கவில்லை. உங்களைக் காப்பாற்றுவதற்காக அல்ல. வழக்கு என்று வந்தால் வருடக்கணக்கில் குணேஸ்வரி ஒரு கோப்பு எண்ணாகிவிடுவாள். அவளை எண்ணாக எழுதியது போதும்.

எனக்குச் சொன்னதை உங்கள் மேலதிகாரியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மன்னிப்புப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை.

சிவநேசன்


கிள்ளான்
20 ஜூன் 2024

ஐயா,

சொன்னேன். உங்கள் கடிதம் கிடைத்த வாரமே மேட்ரன் ரமணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதில் எழுதத் தைரியம் வர இவ்வளவு நாள்.

மேட்ரன் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "நீ மட்டுமா எழுதுற புஷ்பா? எல்லாரும்தான் எழுதுறாங்க. ஏன் வாயைத் தொறந்த?"

"அந்த அங்கிள் கேட்டாரு மேட்ரன். பொய் சொல்ல முடியல."

மேட்ரன் அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று மாதம் இன்னொருவர் மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்கிறேன், இருபத்து நான்கு வருட அனுபவத்துக்குப் பிறகு. அது சரிதான். அடுத்து, எல்லா வார்டுத் தாள்களையும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இருபது. நிறையப் பேருக்குக் கண்டிப்பு. இப்போது என்னோடு யாரும் சாப்பிட உட்காருவதில்லை. நான் பேன்ட்ரிக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கார் நிறுத்துகிற இடத்தில் காருக்குள்ளேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

வீட்டிலும் நான் ஒருத்திதான். கணவர் பிரிந்து போய் ஒன்பது வருடம். மகன் சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், "சாப்டீங்களாம்மா" என்பான், வைத்துவிடுவான். இதையெல்லாம் அனுதாபத்துக்காக எழுதவில்லை. எழுதவும் வேறு யாரும் இல்லை.

இன்னொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான போஸ்ட் பேசிக் படிப்புக்கு விண்ணப்பித்தேன். வேலையில் இருக்கிற நர்சுகள் திரும்பப் போய் ஆறு மாதம் படிக்கிற படிப்பு. "நாப்பத்தேழு வயசுலயா? பாயிண்ட்டுக்குன்னா சின்னக் கோர்ஸ் போதுமே" என்றார் மேட்ரன். பாயிண்ட்டுக்கு இல்லை என்றேன். ஜூலையில் செராஸில் ஒரு கல்லூரியில் தொடங்குகிறது.

புஷ்பவல்லி


கிள்ளான்
25 ஆகஸ்ட் 2024

ஐயா,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

வகுப்பில் இருபத்தாறு பேர். பெரும்பாலும் முப்பது வயதுக்குள். என்னை 'காக்' என்று கூப்பிடுகிறார்கள், மலாயில் அக்கா என்று. மதியம் கூட்டமாகச் சாப்பிடப் போகும்போது கூப்பிட மறந்துவிடுவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. முதல் பரீட்சையில் நூற்றுக்கு நாற்பத்தொன்று எடுத்தேன். பாடப் புத்தகம் ஆங்கிலம், வகுப்பு பாதி மலாய். வீட்டில் சமையலறையில் நின்றுகொண்டு சத்தமாகத் தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தால்தான் புரிகிறது. உடம்பில் பிராணவாயு குறையும்போது மூச்சுதான் முதலில் ஈடுகட்டப் பார்க்கும், அழுத்தம் விழுவது கடைசியில் என்று போன வாரம் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். இருபத்து நான்கு வருடமாக நான் கடைசியில் வருவதையே பார்த்துக்கொண்டு, முதலில் வருவதை விட்டிருக்கிறேன். இரண்டாவது பரீட்சையில் அறுபத்தெட்டு. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து கே.எல். சென்ட்ரலில் மாறுகிறேன். உங்கள் வீட்டு முகவரி அங்கிருந்து பத்து நிமிட நடை என்று தெரியும். ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. போகலாமா என்றும் கேட்கத் தெரியவில்லை.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
30 செப்டெம்பர் 2024

திருமதி புஷ்பவல்லி,

வர வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தப் பின்னேரம்தான் வரும்.

சென்ற கிழமை குணேஸ்வரியின் ஆண்டுத் திவசம். ஜெயமாலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஐயர் வந்தார், முக்கால் மணியில் முடித்துவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டார். பத்துப் பேர் வருவார்கள் என்று சாப்பாடு சொல்லியிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். எங்கள் சனத்தில் பாதிப் பேர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார்கள், மீதிப் பேருக்குப் படியேற ஏலாது. மிச்சச் சோற்றை நாலு நாள் சுடவைத்துச் சாப்பிட்டேன்.

அறுபத்தெட்டு நல்ல புள்ளி. இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

சிவநேசன்


கிள்ளான்
16 பிப்ரவரி 2025

ஐயா,

படிப்பு டிசம்பரில் முடிந்தது. எழுபத்து நான்கோடு தேறினேன். பழைய வார்டுக்கே திரும்பிவிட்டேன்.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று பத்து நாளாகக் குழம்பினேன். எழுதாமல் விட்டால் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

காப்பாரிலிருந்து கன்னையா என்று ஒருவர். எழுபத்து மூன்று வயது, முன்னாள் லோரி டிரைவர். காலில் புண். காலை பத்து மணிக்கு வெப்பம் சரியாக இருந்தது, அழுத்தமும் சரி. அவர் மகள் வந்து, "அப்பா ஒரு மாதிரியா பேசுறாருக்கா" என்றாள். கட்டிலருகில் நின்று ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். இருபத்தெட்டு. இன்னொரு தடவை எண்ணினேன். இருபத்தொன்பது. டாக்டருக்கு ஃபோன் போட்டேன்.

"காய்ச்சல் இருக்கா?" என்றார்.

"இல்ல டாக்டர். ஆனா மூச்சு இருபத்தெட்டுக்கு மேல. இடம் எதுன்னு கேட்டா தெரியல. செப்சிஸா இருக்கலாம்."

"கிளினிக்ல ஆள் நிறைய இருக்கு. மதியம் பார்க்கலாமே."

"மதியம் வேணாம் டாக்டர். இப்ப வரணும். நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

வாழ்க்கையில் எந்த டாக்டரிடமும் அப்படிப் பேசியதில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியது. பதினோராம் நாள் கன்னையா மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனார்.

மருந்தறைக்குள் போய் அழுதேன். அவர் பிழைத்ததற்காக மட்டும் இல்லை. இவ்வளவுதானா, இரண்டு நிமிடமா என்று.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
24 பிப்ரவரி 2025

புஷ்பவல்லி,

கன்னையா பிழைத்தது நல்ல காரியம். அவருடைய மகளுக்கு நல்லது. உங்களுக்கும் நல்லது. எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது, குணேஸ்வரிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனத்தி வந்து கதவைத் தட்டிக் கேட்டாள். டிவி என்று சொன்னேன்.

நீங்கள் படித்தது வீண் என்று சொல்லமாட்டேன். பிந்திவிட்டது என்று மட்டும் சொல்வேன். கொஞ்ச நாளைக்கு எழுதாதீர்கள்.

சிவநேசன்


கிள்ளான்
2 ஜூன் 2025

அங்கிள்,

மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். இப்போது ஒரு காரணம் இருப்பதால் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் பதில் போட வேண்டாம், புரிந்துகொள்வேன்.

மேட்ரன் ரமணி என்னை வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார். அதே மண்டபம், அதே செப்சிஸ் பாடம். இரண்டு தடவை எடுத்துவிட்டேன். முதலிலேயே நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், ரவிக்கை உட்பட. அந்த இடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் ஆன்டியைப் பற்றிச் சொல்லும்போது கண் ஃபோனுக்குப் போய்விடுகிறது. அவர்களுக்கு ஆன்டி 'அறுபத்தெட்டு வயது, பெண், சீனிவியாதி'. நான் சொல்வதும் அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாதே, அங்கிள். மூன்று நாள் பக்கத்தில் நின்றவள் நான், அவருக்குக் காபி பிடிக்குமா தேநீர் பிடிக்குமா என்றுகூடக் கேட்டதில்லை.

ஜூலை 12, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு அடுத்த வகுப்பு. நீங்கள் வர முடியுமா? நோயைப் பற்றிப் பேச வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் யார் என்று மட்டும் சொன்னால் போதும். மகளிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
14 ஜூலை 2025

பிள்ளை புஷ்பவல்லிக்கு,

சனிக்கிழமை நான் சரியாகக் கதைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று மேடையில் கிடந்த மர வாங்கில் இருந்துவிட்டேன். இரண்டு ரயில் போனது. மூன்றாவதுக்கும் எழும்பவில்லை, பிறகு எழும்பி உங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்சி பிடித்தேன். வாசலில் நீங்கள் நின்றீர்கள். அந்தப் பின்னேரம் வரும் என்று பயந்தேன், வந்தது. ஆனால் நீங்கள் மெலிந்து, தலை நரைத்து, வேறு யாரோ போல இருந்தீர்கள். "வாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு நீங்களும் ஒன்றும் கதைக்காமல் நடந்தது எனக்கு உதவியாக இருந்தது.

நாற்பது பேர் முன்னால் நின்றதும் நான் எழுதிக்கொண்டு போன தாளை வாசிக்க மனம் வரவில்லை. அதை மடித்துப் பையில் போட்டுவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன். அறுபது வயதில் அவள் மண்டரின் வகுப்பில் சேர்ந்தாள் என்றேன். சீனத் தொடர் நாடகங்களில் கீழே மொழிபெயர்த்துப் போடுகிற எழுத்துகள் பொய் சொல்கின்றன என்று அவளுக்குச் சந்தேகம். ஒரு வருடம் படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான், இவங்கள் பாதியைத்தான் போடுறாங்கள்" என்று எனக்கு நிரூபித்தாள். அந்த இடத்தில் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் போன பிறகு அவளை நினைத்து யாரும் சிரித்து நான் கேட்கவில்லை. என் முன்னால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மகளும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் கதைத்தேன் என்று தெரியாது. நீங்கள் ஏன் நிறுத்தவில்லை?

உங்களை மன்னித்துவிட்டேனா என்று திரும்பி வருகிற ரயிலில் யோசித்தேன். இன்னும் தெரியவில்லை. நீங்கள் பாடம் நடத்தும்போது பார்த்தேன், நன்றாக நடத்துகிறீர்கள். இரண்டும் உண்மை.

முடிந்த பிறகு கடைசி வரிசையில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். மலர் என்று பெயர் போட்டிருந்தது. "ஆன்டிக்கு என்ன கலர் பிடிக்கும், அங்கிள்?" என்று கேட்டாள். நான் யோசித்தேன். நாற்பத்திரண்டு வருடம் ஒன்றாக இருந்தவன், பதில் தெரியவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளுடைய அலுமாரியைத் திறந்தேன். செத்த வீட்டுக்குப் பிறகு இப்போதுதான் திறக்கிறேன். சேலைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில் எடுத்து வைத்தேன். பாதிக்கு மேல் பச்சை. மாந்தளிர்ப் பச்சை, பாசிப் பச்சை, கிளிப் பச்சை, எனக்குப் பெயர் தெரியாத பச்சை. எல்லாம் என் கண் முன்னால் கட்டியவைதான்.

அந்தப் பிள்ளையிடம் பச்சை என்று சொல்லிவிடுங்கள்.

சிவநேசன்